உன் அம்மா குளிக்கும் அறை

ஒரு பாத்ரூமுக்கு இத்தனை நாளாப்பா என்று போனில் கேட்டாய். "வேலை நடந்துகிட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. வகுப்பில் கணக்குப் போடும்போது மட்டும் அந்தக் கஷ்டம் கிடையாது. கணக்கு நம்மை முறைத்துப் பார்க்காது. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். மருமகளும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். வயதானவர்கள் இருக்கிற எந்த வீட்டிலும் இப்படி ஓர் அறை இருக்கும்.

நீ சொன்னதில் தவறு இல்லை. பொங்கலுக்குள் அம்மா தானாகக் குளிக்கிற மாதிரி ஆகாவிட்டால் இரண்டு பேரையும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அங்கே நல்ல பாத்ரூம் இருக்கிறது, குளிப்பாட்டிவிட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றாய். பாசத்தில்தான் சொன்னாய். நானும் அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் முறத்தில் இருந்த உளுந்தைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அங்க போனா என்னையக் குளிப்பாட்டிவிடுவாங்க, அப்படித்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பொறந்தப்பக் குளிப்பாட்டினாங்க. செத்தாக் குளிப்பாட்டுவாங்க. நடுவுல எதுக்கு?" என்றாள்.

அவள் விழுந்த அன்று நீ ஊரில் இல்லை. ஆடி மாதக் காற்றில் கொல்லைக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். குளித்துவிட்டு இறங்கும்போது, பாத்ரூமின் ஈரப்படியில் கால் வழுக்கியிருக்கிறது. நான் ஓடிப் போய், அவள் சாத்தி வைத்திருந்த அடுப்படிக் கதவைத் தட்டினேன். "வராதீங்க" என்றாள். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிற மனுஷி, புடவையைச் சுற்றிக்கொள்கிற வரைக்கும் என்னை உள்ளே விடவில்லை. தஞ்சாவூரில் ஆபரேஷன், அதன் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது, அவள் வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. வாக்கரைப் பிடித்து நடக்கிறாள், உட்கார்ந்து சமைக்கிறாள், கக்கூஸில் மேல்நாட்டுப் பீங்கான் முன்பே வைத்துவிட்டதால் அதற்கும் யார் துணையும் தேவையில்லை. குளிக்க மட்டும் முடியவில்லை. இரண்டு படி ஏறி, நனைந்த காலோடு அந்த இரண்டு படியையும் இறங்க வேண்டும். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துக்கொள்வாள். வெயிலிலும் மழையிலும் விடியலில் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம் என்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டவள்.

கீழ்வேளூரிலிருந்து நீ ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து அனுப்பினாயே, அவள் ஏன் நின்றுவிட்டாள் என்று கேட்டாய். அவள் நிற்கவில்லை. உன் அம்மா அவளுக்குக் காபி கொடுத்து, இட்லி கொடுத்து, அவள் மாமியார் சண்டையை முழுக்கக் கேட்டு, தலை பின்னிப் பூ வைத்து அனுப்பிவிட்டாள். "ஏம்மா, நான் குளிப்பாட்டத்தானே வந்தேன்" என்று அந்தப் பெண் வாசலில் நின்று கேட்டது. "நீ வந்ததே குளிச்ச மாதிரி இருக்குடி, போயிட்டு வா" என்றாள் உன் அம்மா. மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் அந்தப் பெண்ணுக்கே வெட்கமாகிவிட்டது.

இது பிடிவாதம் என்று நீ நினைக்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அறை எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால் கட்டியது. உனக்கு நினைவு தெரிந்தபோது அது அங்கே இருந்தது. இருக்கிற சுவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது இது கீற்று வீடு. வீடு நின்ற மனை பண்ணைக்குச் சொந்தம். எங்கள் மனை மட்டுமல்ல, தெரு முழுக்க அப்படித்தான். வேலைக்கு வரவில்லையென்றால் கீற்றைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல அவர்களால் முடியும். கூலி உயர்வுக்காகச் சங்கம் கொடி பிடித்திருந்த வருஷங்கள் அவை. அறுவடைக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள், களத்தில் கைகலப்பு ஆகும், போலீஸ் வேன் வந்து நிற்கும். நான் படித்து முடித்து வாத்தியார் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். களத்தில் சத்தம் கேட்ட நாட்களில் பள்ளிக்கூடத்திலேயே நோட்டுத் திருத்திவிட்டு மெதுவாக வருவேன். பயந்தவன் என்று தெருவில் யாரும் என்னைச் சொன்னதில்லை. "படிச்ச புள்ள, வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது" என்று அவர்களே எனக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

பெண்கள் குளிக்க வீட்டின் பின்னால் நாலு மூங்கில் நட்டு மூன்று பக்கமும் கீற்றுக் கட்டியிருக்கும். நாலாவது பக்கம் ஒரு பழம்புடவை. அதை ஒட்டினாற்போல் பண்ணையின் நாற்றங்கால். பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் காலையில் அந்த வரப்பில்தான் நடப்பார். ஊரில் வேறு வரப்பு இல்லாமல் இல்லை. கீற்றுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவார். "யாரு உள்ள? நடவுக்கு ஆளு வேணும், பேரச் சொல்லு." உள்ளே இருப்பவள் ஈர உடம்போடு நின்று பேர் சொல்ல வேண்டும். "எந்த வீடு? சத்தமாச் சொல்லு." அதையும் சொல்ல வேண்டும். கையை நீட்டவில்லை, தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்கு ஆள் கூப்பிட்டார், அவ்வளவுதானே என்று யாரும் கேட்கலாம். அதனால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. "உள்பக்கம் தாப்பா போட்ட கதவு ஒண்ணு வேணும்" என்றாள். கீற்றுத் தட்டியில் கதவு எப்படி நிற்கும் என்று கேட்டேன். "அப்ப தட்டிய மாத்துங்க" என்றாள். மனை நம்முடையது இல்லை, சுவர் எழுப்பினால் வம்பு என்று விளக்கினேன். நான் நன்றாக விளக்குவேன் என்பது உனக்குத் தெரியும். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப மனைய மாத்துங்க" என்றாள்.

கழக ஆட்சியில், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. சட்டம் வந்த கையோடு பட்டா வந்துவிடவில்லை. தெருப் பெண்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்காருவார்கள். நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போய் உட்காருவார்கள். உன் அம்மா சோறு கட்டிக்கொண்டு போவாள். என் பங்கு, மனு எழுதிக் கொடுத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அங்கே யாரோ பாராட்டினார்களாம். அதை வீட்டுக்கு வந்து எனக்குப் பரிசு மாதிரி சொன்னாள். பட்டா கைக்கு வந்தபோது எல்லோரும் கூரையை மாற்றினார்கள், சிலர் அடுப்படிக்குச் சுவர் எழுப்பினார்கள். நம் வீட்டில் முதல் செங்கல் பாத்ரூமுக்கு வந்தது. தெருவே சிரித்தது. "வாத்தியார் வூட்டுல படுக்கற எடம் குடிசை, தண்ணி ஊத்தற எடம் மச்சு" என்று எதிர்வீட்டு மாமா திருவாரூர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

செங்கல் இறங்கிய அன்று காரியக்காரர் வந்தார். "என்ன வாத்தியாரே, கோட்டை கட்டுறியளா?" என்றார். குளிக்கிற இடம்தான் என்றேன். "கீத்துக் கட்டிக்கிட்டா யாரு வேணாங்கறா? செங்கல்லு எதுக்கு?" நான் செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா அப்போது மண் சட்டியோடு வந்தவள், அதை இறக்கி வைக்காமலே, "கீத்துல ஓட்ட இருக்குங்க" என்றாள். எந்த ஓட்டை, யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "சரி, கட்டிக்கங்க. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி எங்க நாத்தங்கா பக்கம் வரப்படாது. வந்தா சுவரு இருக்காது, சொல்லிட்டேன்." எங்கள் தெருவில் குளித்த தண்ணீர் அவர்களுக்கு வெறும் சோப்புத் தண்ணீர் இல்லை, அது உனக்குப் புரியும். "வராதுங்க" என்றேன். அந்த ஒரு பதில் மட்டும் எனக்கு யோசிக்காமல் வந்தது.

இப்போது வீட்டை நினைத்துப் பார். பாத்ரூம் கொல்லையில், அடுப்படியை ஒட்டி, வீட்டின் கடைசியில் இருக்கிறது. அதன் தண்ணீர் பின்னால் நாலடி போனால் மண். ஆனால் நாம் என்ன செய்திருந்தோம்? வீட்டின் பக்கவாட்டில் சிமெண்டு வாய்க்கால் போட்டு, அத்தனை தூரமும் முன்பக்கம் கொண்டுவந்து தெருவில் விட்டோம். வாக்குக் கொடுத்துவிட்டோமே. பிறகு தெருவில் யார் கட்டினாலும் அதே மாதிரிதான் கட்டினார்கள். தண்ணீர் தெருவுக்குத்தான் வரவேண்டும் என்று கொத்தனாருக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது.

அப்புறம் ரோடு வந்தது. எந்தக் கழகம் வந்தாலும் நம் தெருவுக்கு ரோடு போட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது, குளித்த தண்ணீர் ரோட்டில் ஏற முடியாமல் திரும்பி வந்து பாத்ரூமில் நின்றது. உடனே பாத்ரூம் தரையை உயர்த்துவோம். முதலில் ஒரு சிமெண்டுப் பூச்சு. பிறகு ஜல்லி கொட்டிச் சிவப்புச் சாந்து. நீ வேலைக்குப் போனதும் ஆசையாக நீல டைல்ஸ் வாங்கிக் கொடுத்தாய். அதையும் பழைய தரைமேலேயே ஒட்டினோம். கதவின் அடியை ஒவ்வொரு தடவையும் அறுத்தோம். கடைசியில் அது பாதிக்கதவு மாதிரி ஆகிவிட்டது, கூரை தலைக்குக் கிட்டே வந்துவிட்டது, வாசலில் இரண்டு படி முளைத்துவிட்டது. உன் அம்மா விழுந்த படி அதுதான். நம் வீட்டுக்குள் யாரும் திட்டம் போட்டுக் கட்டாத படி.

வேலையை நான் என் வழக்கப்படிதான் ஆரம்பித்தேன். கிராஃப் தாளில் அறையை அளவு மாறாமல் வரைந்தேன். டாக்டரிடம் கேட்டேன். நாகப்பட்டினத்தில் கடை கடையாக ஏறி விசாரித்தேன். நீ அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடித் தடுப்பும் மேலிருந்து மழை மாதிரி கொட்டுகிற குழாயும் அழகாகத்தான் இருந்தன. நம் அறையில் கண்ணாடியை வைத்தால் ஆள் வெளியே நிற்க வேண்டும். பணம் நான் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம் என்றதில் கோபம் எதுவும் இல்லை. நீயும் இப்போதுதான் வீடு வாங்கியிருக்கிறாய். அதோடு, அவளுக்கு என் கையிலிருந்து ஒன்று செய்ய வேண்டும் என்றும் இருந்தது. பென்ஷனில் எது முடியுமோ அது. அதனால் எது வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்தேன். சுவரை இடிக்க வேண்டாம். கூரையைத் தொட வேண்டாம். சுவர் முழுக்க டைல்ஸ் வேண்டாம், தண்ணீர் தெறிக்கிற உயரம் போதும். கீசர் வேண்டாம், அடுப்பில் வெந்நீர் போட அவளால் முடிகிறது, பக்கெட்டைத் தூக்கி வைக்க நான் இருக்கிறேன். நீயும் எப்போதாவது இப்படி ஒரு வேலையில் இறங்கினால் அங்கிருந்தே தொடங்கு. தரை, பிடி, வெளிச்சம். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் தரையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நம் தெரு சேகர் கொத்தனார் வந்தான். தெருவில் நின்று ரோட்டைப் பார்த்தான், கொல்லையில் நின்று தரையைப் பார்த்தான். "சார், இப்ப புதுசா சிமெண்டு ரோடு வேற போட்டுட்டானுவ. இன்னும் அரையடி ஒசத்தினாத்தான் தண்ணி வெளில போவும்" என்றான். நான் கிராஃப் தாளில் மூன்றாவது படியை வரைய ஆரம்பித்துவிட்டேன். நம்பு. இடுப்பு முறிந்தவளுக்காகச் செய்கிற வேலையில் இன்னொரு படி வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் சாய்வுப் பலகை ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று அதற்கும் கோணம் கணக்குப் பார்த்தேன்.

உன் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "ஒசத்தினா நான் எப்படிடா ஏறுவேன் சேகரு?"

"தண்ணி போவணும்ல பெரியம்மா."

"பின்னாடி விடு."

"பின்னாடி விடக்கூடாதுல்ல" என்றான்.

"யாரு சொன்னா?"

அவன் தலையைச் சொறிந்தான். "தெரியல பெரியம்மா. எங்கப்பா சொல்வாரு. இந்தத் தெருவுல பின்னாடி தண்ணி விடக்கூடாதும்பாரு."

நாங்கள் மூன்று பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். பண்ணை பாகம் பிரிந்து விற்றபோது அந்த நாற்றங்காலில் நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டை நாம்தான் வாங்கினோம். நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அதில்தான் வாழை நிற்கிறது. வெயில் காலத்தில் அந்த வாழைக்கு அடிபம்பில் தண்ணீர் அடித்து நீ குடம் குடமாகச் சுமந்திருக்கிறாய். குளித்த தண்ணீர் அந்தப் பக்கம் முன்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது, நீ இந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாய். காரியக்காரர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நான் கணக்கு வாத்தியார். உன் அம்மா தாலுகா ஆபீஸையே அசைத்தவள். எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. சேகர் அந்த ஆளைப் பார்த்ததுகூட இல்லை. அவனும் அவர் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டிருக்கிறான்.

உன் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வாக்கர் ஆடியது, நான் பிடித்துக்கொண்டேன். "இத்தன நாளா அந்தாளு வயலக் காவ காத்திருக்கோம்ங்க" என்றாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் வேறு மாதிரி ஆனது. "ஒடைடா சேகரு, அடி வரைக்கும் ஒடை" என்றாள்.

உடைத்தோம். நீல டைல்ஸ், சிவப்புச் சாந்து, சிமெண்டு என்று ஒவ்வொன்றாக வந்தது. உன் டைல்ஸில் உடையாமல் வந்தவற்றைச் சுவரில் அடிவரிசையாக ஒட்டியிருக்கிறோம், வருத்தப்படாதே. தரை இப்போது அடுப்படித் தரையோடு ஒரே மட்டம். படி இல்லை, வாசலில் சின்ன மேடுகூட இல்லை. தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் தரையைப் பின்பக்கம் சரித்திருக்கிறோம். தரைக்கு முதலில் நான் வாங்கி வந்தது பளபளப்பான டைல்ஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி, சோப்பும் தேய்த்து, காலை வைத்தபோதுதான் தெரிந்தது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் கடை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் போனேன். அவர்கள் ஒன்றுமே கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். சொரசொரப்பான ரகத்தில் மிச்சம் கிடந்ததை மலிவாகவே கொடுத்தார்கள். பாதி சாம்பல் நிறம், பாதி மண் நிறம். உட்கார்ந்து குளிக்கக் கதவோரச் சுவரை ஒட்டிச் செங்கல்லால் ஒரு மேடை, கைக்கு எட்டும் உயரத்தில் குழாய், இரும்புக் குழாயில் இரண்டு பிடி. பிடியைச் சேகர் சுவரின் மறுபக்கம் வரை துளைத்துப் போல்ட் போட்டு முறுக்கினான். நான் தொங்கிப் பார்த்தேன். ஜன்னலை அகலமாக்க முடியவில்லை, சுவருக்கு வெள்ளை அடித்ததில் வெளிச்சம் வந்துவிட்டது. கதவு மட்டும் புதிது. உள்ளே யாராவது விழுந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது என்று டாக்டர் சொன்னதால் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினோம். நீயும் டாக்டரும் சொன்னபடி உள்ளே தாழ்ப்பாள் வைக்கவில்லை.

எல்லாம் காய்ந்த பிறகு வெந்நீர் போட்டு, புதுச் சோப்பு பிரித்து வைத்து, கூப்பிட்டேன். அவள் உள்ளே போனாள். பிடியைப் பிடித்துப் பார்த்தாள், மேடையில் உட்கார்ந்து பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள். பிறகு கதவைச் சாத்தித் தடவிப் பார்த்தாள்.

"தாப்பா எங்க?"

வைக்கவில்லை, டாக்டர் வேண்டாம் என்றார், பையனும் அதையே சொன்னான், நான் வாசலிலேயே நிற்கிறேன், யாரும் வரமாட்டார்கள் என்றேன்.

"நீங்க நிப்பீங்க. யாரு வேணாலும் தொறக்கலாம்."

"யாரு தொறக்கப் போறா பாக்கியம்? வீட்டுல நம்ம ரெண்டு பேருதான்."

"அது எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா தாப்பா இல்லாம என் கையி புடவைய அவுக்க மாட்டேங்குதுங்க. நான் என்ன செய்ய?"

வெந்நீர் ஆறியது. அடுத்த நாளும் ஆறியது. பிறகு அவள் ஈரத்துணிக்கே போய்விட்டாள். நீ போன் செய்து ஒரு பாத்ரூமுக்கு இத்தனை நாளா என்று கேட்டது அந்த வாரத்தில்தான். அறை தயாராக இருந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நான் அவளிடம் கொஞ்சம் குரல் உயர்த்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி விழுந்தால் கதவை உடைக்கக்கூட என் உடம்பில் வலு இல்லை என்றேன். "அப்ப சென்னைக்கே போறேன். அங்க முன்னப் பின்னத் தெரியாத பொண்ணு குளிப்பாட்டினா, ஆஸ்பத்திரின்னு நெனச்சுக்கறேன்" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தோற்றுப்போன குரலில் சொன்னாள்.

மறுநாள் அவளே சேகரை வரச் சொல்லியிருந்தாள். என்னையும் பாத்ரூமுக்குள் கூப்பிட்டாள். "என்னையப் புடிச்சு மெதுவாக் கீழ விடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "விடுங்களேன்." நானும் சேகரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தரையில் உட்காரவைத்தோம். அவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, காய்ந்த புதுத்தரையில் புடவையோடு படுத்துக்கொண்டாள். அன்றைக்கு விழுந்து கிடந்தாளே, அதே மாதிரி. அவள் படுத்தபடியே கையைக் கதவுப் பக்கம் நீட்டினாள். விரல் கதவின் அடிப்பாகத்தில் போய்த் தொட்டது.

"சேகரு, என் வெரலு எங்க இருக்கு பாரு. அதுல குறி போடு. அங்க வையி தாப்பாவ."

"அவ்வளவு கீழயா பெரியம்மா?"

"விழுந்தா இப்படித்தானே கெடப்பேன். இப்படிக் கெடந்தே தொறந்துடுவேன். கதவுதான் வெளிப்பக்கம் போவுதே." பிறகு என்னைப் பார்த்தாள். "இப்ப சரியாங்க? இல்ல, நின்னுகிட்டுப் போட்டாத்தான் தாப்பாவா?"

நான் டாக்டரைக் கேட்டேன், கடைக்காரரைக் கேட்டேன், உன்னைக் கேட்டேன். யார் குளிக்கப் போகிறாளோ அவளைக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நாம் இருவரும் அவள் விழக் கூடாது என்று மட்டுமே யோசித்தோம். உன் மாமனாரும் இனி உன்னோடுதான் இருக்கப் போகிறார் என்று மருமகள் சொன்னாள். அவருக்கு ஏதாவது செய்வதற்கு முன்னால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார். அவரே சொல்வார். சொல்ல நேரமாகும், அவ்வளவுதான்.

சேகர் பென்சிலால் குறி போட்டான். சாயங்காலத்துக்குள் சின்னதாக ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை அங்கே பொருத்திவிட்டுப் போனான். நின்றபடி போடக் குனிய வேண்டியிருக்கும், அவளால் குனிய முடியாதே என்று எனக்குப் புதுக் கவலை வந்தது. மேடையில் உட்கார்ந்துதான் போடுவேன் என்றாள். அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

நேற்று விடியலில் வெந்நீர் பக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். வாக்கர் உள்ளே போயிற்று, கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கீழே, என் முழங்கால் உயரத்துக்கும் கீழே, தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அப்புறம் முதல் சொம்புத் தண்ணீர். நான் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் நின்றால் பயம், ஊற்றினால் நிம்மதி. வெகுநேரம் ஊற்றினாள். பக்கெட்டில் அத்தனை தண்ணீர் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, குழாயையும் திறந்துவிட்டிருப்பாள். பின்னால் வாழைப் பக்கம் சோப்பு நுரை மெதுவாக நகர்ந்து வந்தது.

"அங்கயா நிக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்லையே" என்றேன்.

"இல்லன்னு அங்கேருந்துதானே சொல்றீங்க. போங்க."

"விழுந்துடாம..."

"போங்கங்கறேன்ல. ஒருத்தி உள்ள குளிக்கறப்ப வெளில ஆம்பள நின்னா எனக்குக் குளிக்க வராது. போயி அவனுக்கு எழுதுங்க. பொங்கலுக்கு வரட்டும், நாலு நாளு இருக்கட்டும். திரும்பிப் போவ டிக்கெட்டு அவனுக்கும் மருமகளுக்கும் மட்டும் போடச் சொல்லுங்க."

நான் முன்வாசலுக்கு வந்து உட்கார்ந்து, இதை எழுத ஆரம்பித்தேன்.